ஸுரய்யா: ஒரு விண்மீன் கொத்தின் வரலாறு

வானங்களையும் பூமியையும் படைத்து, அவற்றில் சிந்திப்போர்க்கு அத்தாட்சிகளை அமைத்த அல்லாஹ்வுக்கே எல்லாப் புகழும்.



ரமலான் பிறை பார்ப்பதற்காக நமது பள்ளிவாசல் மாடியில் கூடியிருந்தபோது நிகழ்ந்த ஒரு சிறு உரையாடலே இக்கட்டுரைக்குக் காரணம். மேற்கில் பிறை தென்பட்டு, தக்பீர் முழங்கி, பெரியவர்கள் கீழே இறங்கத் தொடங்கிய வேளை. மத்ரஸா மாணவர் சிலர் மட்டும் அங்கேயே நின்று, தலைக்கு மேலே சற்று மேற்காகத் தெரிந்த ஒரு சிறிய விண்மீன் கொத்தைச் சுட்டிக் காட்டினர். "இதன் பெயர் ஸுரய்யாதானே? இதை முதன்முதலில் கண்டுபிடித்தவர்கள் முஸ்லிம்கள் என்று கைப்பேசியில் படித்தோம், உண்மையா?" என்று அவர்களில் ஒருவர் கேட்டார். அங்கு நின்றிருந்த எங்களில் ஒருவராலும் தெளிவான விடை கூற இயலவில்லை. சிலர் 'ஆம்' என்றோம். சிலர் புன்னகைத்துவிட்டு நகர்ந்தோம். மாணவர் கேட்ட கேள்விக்கு அறியாமல் 'ஆம்' என்று சொல்லிவிட்டோமே என்னும் உறுத்தல் பல நாட்கள் எங்களை விட்டு அகலவில்லை. தேடிப் படித்ததில் கிடைத்தவற்றை இங்கே தொகுத்துத் தருகிறோம்.

வானில் அதன் இடம்

கார்த்திகை, மார்கழி மாதங்களில் இஷாத் தொழுகை முடிந்து வெளியே வந்தால் கிழக்கு வானில் இக்கொத்தை எளிதில் காணலாம். வேட்டைக்காரன் எனப்படும் விண்மீன் கூட்டத்தின் இடுப்பில் மூன்று விண்மீன்கள் ஒரே வரிசையில் நிற்கும். அவ்வரிசையை வடமேற்காக நீட்டினால் செந்நிறமான ரோகிணி வரும். அதற்கும் அப்பால், கைப்பிடியளவு முத்துகளைச் சிதறினாற்போல் ஒரு சிறு கூட்டம் தெரியும். சாதாரணக் கண்ணுக்கு ஆறு விண்மீன்கள் புலப்படும். கூரிய பார்வையுடையோர் அதற்கு மேலும் எண்ணுவர்.

தமிழர் இதனைக் கார்த்திகை என்றனர். அறுமீன் என்றும் ஆரல் என்றும் பழந்தமிழில் வழங்கினர். கார்த்திகை மாதத்தின் பெயரே இக்கொத்தின் அருகில் முழுநிலவு வருவதால் அமைந்தது. கிரேக்கர் பிளையடிஸ் என்றும், பாரசீகர் பர்வீன் என்றும், சப்பானியர் சுபாரு என்றும் அழைத்தனர். இப்பெயர்களில் பல இஸ்லாம் தோன்றுவதற்கு நெடுங்காலம் முன்பே வழக்கில் இருந்தவை. எனவே மாணவரின் கேள்விக்கு முதல் விடை இங்கேயே கிடைத்துவிடுகிறது. ஸுரய்யாவை எவரும் 'கண்டுபிடிக்க'வில்லை. கண்ணுள்ள மனிதர் அனைவரும் அதைக் கண்டனர். ஒவ்வொரு சமுதாயமும் தன் மொழியில் அதற்குப் பெயரிட்டது.

அரபுகள் இட்ட பெயர் அழகானது. செழிப்பு, மிகுதி என்னும் பொருளுடைய வேர்ச்சொல்லிலிருந்து குறுமை வடிவமாகப் பிறந்தது 'ஸுரய்யா'. சிறிய இடத்தில் நிறைய இருப்பதைக் குறிக்கும் சொல் அது. அதனால்தான் பள்ளிவாசல்களில் தொங்கும் கொத்து விளக்கையும் அரபியில் ஸுரய்யா என்கின்றனர். நம் வீட்டுப் பெண்மக்களுக்குச் சுரையா என்று பெயரிடுவதும் இதுபற்றியே. இதனைப் பின்தொடர்ந்து உதிக்கும் ரோகிணியை அரபுகள் 'அத்தபரான்', அதாவது பின்தொடர்வது என்றனர். இன்று உலகெங்கும் வானியலார் அப்பெயரையே சற்றுத் திரித்து வழங்குகின்றனர்.

நிலவு ஒவ்வோர் இரவும் தங்கிச் செல்வதாகக் கருதப்பட்ட 28 மன்ஸில்களில் ஸுரய்யா மூன்றாவது. இந்திய மரபில் 27 நட்சத்திரங்களின் வரிசையிலும் கார்த்திகை மூன்றாவதாகவே வருகிறது.

மதீனாவின் தோட்டங்களில்

அரபுகள் பொதுவாக 'அந்நஜ்ம்' (நட்சத்திரம்) என்று சொன்னால் அது பெரும்பாலும் ஸுரய்யாவையே குறிக்கும். திருக்குர்ஆனின் 53ஆம் அத்தியாயமான ஸூரத்துந் நஜ்மின் தொடக்கத்தில் சத்தியமிடப்படும் நட்சத்திரம் ஸுரய்யாவே என்று தாபிஈன்களில் ஒருவரான முஜாஹித் (ரஹ்) அவர்கள் விளக்கம் கூறியதாக இமாம் தபரீ பதிவு செய்துள்ளார். வேறு விளக்கங்களும் உண்டு.

எங்கள் உள்ளத்தைப் பெரிதும் தொட்டது வாணிகம் பற்றிய ஒரு செய்தி. மதீனாவில் மக்கள் மரத்திலிருக்கும் பழங்களை முதிர்ச்சி தெரிவதற்கு முன்பே விற்றுவந்தனர். அறுவடைக் காலத்தில் நோய் விழுந்து பழங்கள் கெட்டுவிட்டால், விலை வாங்கியவனும் கொடுத்தவனும் வழக்கிடுவர். இவ்வாறான வழக்குகள் பெருகியபோது, முதிர்ச்சி வெளிப்படும் வரை பழங்களை விற்க வேண்டாம் என நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அறிவுறுத்தினார்கள். இதனை அறிவித்த ஸைத் இப்னு ஸாபித் (ரலி) அவர்கள், ஸுரய்யா உதிக்கும் வரை தம் நிலத்துப் பழங்களை விற்கமாட்டார்கள். அதற்குள் மஞ்சள் காய் எது, சிவந்த காய் எது என்று தெளிவாகிவிடும் என்று அவர்களின் மகனார் வாயிலாக ஸஹீஹுல் புகாரியில் பதிவாகியுள்ளது.

இச்செய்தியின் நுட்பத்தைச் சற்று விளக்க வேண்டும். ஆண்டுதோறும் கோடைக்கு முன் சில வாரங்கள் சூரியன் இக்கொத்தின் திசையில் நிற்பதால், சூரிய ஒளியில் அது மறைந்துபோகும். பின்னர் ஒருநாள், விடியலுக்குச் சற்று முன் கிழக்கு அடிவானில் மீண்டும் தோன்றும். 'ஸுரய்யா உதித்தல்' என்று இங்கு கூறப்படுவது அந்த முதல் தோற்றத்தையே. ஹிஜாஸில் அது கடும் வெயில் தொடங்கும் காலம். பேரீச்சங்காய்கள் நிறம் மாறும் காலமும் அதுவே. நமது மாதங்கள் சந்திரனைச் சார்ந்தவை. அவை பருவங்களினூடே நகர்ந்துகொண்டே இருக்கும். ஆகவே உழவனுக்குப் பருவத்தை அறிவிக்க நிலையான ஓர் அடையாளம் வேண்டியிருந்தது. அவ்வடையாளம் வானில் இருந்தது.

அதேவேளை, அடையாளத்தைக் காரணம் என்று எண்ணிவிடக் கூடாது என்பதிலும் நபியவர்கள் கண்டிப்பாக இருந்தார்கள். ஹுதைபிய்யாவில் ஓர் இரவு மழை பெய்தது. மறுநாள் ஃபஜ்ருத் தொழுகைக்குப் பின், இன்ன நட்சத்திரத்தால் மழை பெற்றோம் என்று கூறுவதை நபியவர்கள் கண்டித்தார்கள். மழை இறைவனின் அருள் என்று உணர்த்தினார்கள். காலத்தைக் காட்ட நட்சத்திரம் உதவும். நிகழ்வுகளை அது உண்டாக்குவதில்லை. இந்த வேறுபாடு வேரூன்றியதனால் சோதிடத்தையும் வானியலையும் பிரித்துப் பார்க்கும் பார்வைக்கு இஸ்லாமிய அறிஞரிடையே இடம் கிடைத்தது.

கடலோடிகளின் திசைகாட்டி

நிலத்தில் காலம் காட்டிய ஸுரய்யா கடலில் திசை காட்டியது. இந்தியப் பெருங்கடலில் மரக்கலம் செலுத்திய அரபு மாலுமிகள் அடிவான வட்டத்தை 32 பாகங்களாகப் பிரித்தனர். வடக்கும் தெற்கும் துருவங்களைக் கொண்டு பெயர் பெற்றன. ஏனையவற்றிற்கு விண்மீன்களின் பெயர்கள் சூட்டப்பட்டன. ஒவ்வொரு விண்மீனுக்கும் உதிக்கும் பக்கத்தில் ஒரு திசையும், மறையும் பக்கத்தில் ஒரு திசையும் உண்டு. அவ்வகையில் கிழக்கை அடுத்து வடபால் அமைந்த திசை 'ஸுரய்யாவின் உதயம்' எனப்பட்டது. மேற்கை அடுத்து வடபால் அமைந்தது 'ஸுரய்யாவின் மறைவு'. அரபிக்கடலைக் கடந்து மலபாருக்கும் அப்பாலும் வந்த கலங்கள் இத்திசைப் பெயர்களைக் கொண்டே வழி கண்டன.

இக்கலையைப் பெருநூலாக எழுதியவர் இப்னு மாஜித். இன்றைய ராஸ் அல் கைமா பகுதியிலுள்ள ஜுல்ஃபாரைச் சேர்ந்தவர். அவரது 'கிதாபுல் ஃபவாயித்' ஹிஜ்ரி 895இல் (கி.பி. 1490 அளவில்) எழுதப்பட்டது. நிலவின் மன்ஸில்கள், திசைகள், பருவக்காற்றுகள், துறைமுகங்கள் ஆகியவற்றை அது விரிவாகக் கூறுகிறது.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். 1498இல் வாஸ்கோடகாமாவுக்கு மாலிந்தியிலிருந்து கள்ளிக்கோட்டைக்கு வழிகாட்டியவர் இப்னு மாஜித்தான் என்று நம் மேடைகளிலும் மலர்களிலும் பலமுறை கூறப்பட்டுள்ளது. பதினாறாம் நூற்றாண்டு அரபு நூலொன்றில் எழுந்த இக்கூற்றை இன்றைய ஆய்வாளர் பலர் ஏற்பதில்லை. போர்த்துக்கீசிய வரலாற்றாசிரியர்கள் அவ்வழிகாட்டியைக் குஜராத்தி என்றே குறிப்பிடுகின்றனர். இப்னு மாஜித்தின் பெருமை அவர் எழுதிய நூல்களில் உள்ளது. அதற்குச் சான்றில்லாத கதையின் துணை தேவையில்லை.

அஸ்ஸூஃபியின் கண்கள்

வானநூல் வரலாற்றில் ஸுரய்யாவைப் பற்றிப் பேசும்போது தவிர்க்க இயலாத பெயர் அப்துர் ரஹ்மான் அஸ்ஸூஃபி. கி.பி. 903இல் பாரசீகத்தின் ரய் நகரில் பிறந்து 986இல் மறைந்தவர். புவைஹி மன்னர் அளுதுத் தவ்லாவின் ஆதரவில் பணியாற்றியவர். ஈமான் ஸுரய்யாவில் இருந்தாலும் இவர்களில் சிலர் அதை எட்டிப் பிடிப்பர் என்று ஸல்மான் ஃபாரிஸீ (ரலி) அவர்கள் மீது கைவைத்து நபியவர்கள் கூறியதாக வரும் நபிமொழியை நாம் அறிவோம். அப்பாரசீக மண்ணில் தோன்றிய ஒருவர் ஸுரய்யாவைத் தம் கண்களால் அளந்தார் என்பதை நினைக்கையில் மகிழ்ச்சி உண்டாகிறது.

கி.பி. 964 அளவில் அவர் எழுதி முடித்த நூல் 'நிலையான விண்மீன்களின் உருவங்கள்'. கிரேக்க அறிஞர் தாலமி கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் தம் அல்மஜெஸ்ட் நூலில் 48 விண்மீன் கூட்டங்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட விண்மீன்களை அட்டவணைப்படுத்தியிருந்தார். அஸ்ஸூஃபி அந்த 48 கூட்டங்களையும் ஒன்றன்பின் ஒன்றாக எடுத்துக்கொண்டார். ஒவ்வொன்றிலும் தாலமி கூறியதைத் தாம் வானில் கண்டதோடு ஒப்பிட்டார். பிரகாசம் மாறுபட்டிருந்தால் எழுதினார். இடம் பொருந்தாவிட்டால் எழுதினார். தாலமி விட்டுவிட்ட விண்மீனையும், தாலமி கூறியும் வானில் காணப்படாததையும் எழுதினார். பின்னர் அரபு மரபில் அவற்றிற்குரிய பெயர்களைத் தந்தார். ஒவ்வொரு கூட்டத்திற்கும் இரண்டு படங்கள் வரைந்தார்: வானில் நோக்கும்போது தெரிவது ஒன்று, வான்கோளத்தில் வரைந்தால் இடவலம் மாறித் தெரிவது மற்றொன்று.

ஸுரய்யாவைப் பற்றி அவர் எழுதியது கருதத்தக்கது. தாலமியின் அட்டவணையில் இக்கொத்துக்கு நான்கு விண்மீன்களே உள்ளன. கொத்தில் நான்குக்கும் மேற்பட்டவை உள்ளன என்பதை அஸ்ஸூஃபி தெளிவாகக் கூறுகிறார். ஆயினும் அவை மிக நெருக்கமாக இருப்பதாலும், இந்நான்குமே பெரியவை என்பதாலும் தாலமி இவற்றை மட்டும் குறித்தார் என்று விளக்கி, தாமும் அந்நான்கையே அட்டவணையில் நிறுத்திக்கொள்கிறார். முன்னோரைத் திருத்தும் இடத்தில் திருத்துகிறார். பின்பற்றும் இடத்தில் ஏன் பின்பற்றுகிறோம் என்பதைச் சொல்லிவிடுகிறார்.

தம் காலத்து எழுத்தாளர் சிலரைப் பற்றி அவருக்குக் கடும் மனக்குறை இருந்தது. அவர்கள் வானத்தை நோக்காமலே பழைய நூல்களைப் பார்த்துப் பிரதி எடுத்து, பிழைகளையும் சேர்த்துப் பரப்பினர் என்று தம் முன்னுரையில் வருந்துகிறார். அதே நேர்மையைத் தம்மிடமும் கடைப்பிடித்தார். விண்மீன்களின் நெடுக்கைகளைத் தாம் புதிதாக அளக்கவில்லை என்பதையும், தாலமியின் எண்களோடு 12 பாகை 42 கலைகளைக் கூட்டியே தந்துள்ளோம் என்பதையும் அவர் மறைக்கவில்லை. பூமியின் அச்சு மெல்லத் திசை மாறுவதால் விண்மீன்களின் நெடுக்கை நூற்றாண்டுதோறும் சற்றே கூடிக்கொண்டு வரும். அக்கூடுதலைத்தான் அவர் சேர்த்தார். பிரகாசம் மட்டுமே அவரது சொந்தக் கண்ணளவு. எது தம்முடையது, எது பிறருடையது என்பதை அவர் தெளிவாகப் பிரித்துக் காட்டியதால்தான் இன்றும் ஆய்வாளர் அவரது பிரகாச அளவுகளை நம்பிப் பயன்படுத்துகின்றனர். ஆந்திரமேதா திசையிலுள்ள 'சிறு மேகம்' அவரது நூலில் பதிவாகியுள்ளது. நமது பால்வீதிக்கு அப்பாற்பட்ட ஒரு பேரண்டத்தீவு அது என்பது 1920களில்தான் உறுதியாயிற்று. நிலவின் பள்ளமொன்றுக்கு 'அஸோஃபி' என்று இவர் பெயர் சூட்டப்பட்டுள்ளது.

அவர் கூட்டி எழுதிய எண்களைப் புதிதாக அளக்கும் பணியைப் பின்னாளில் ஏற்றவர் சமர்கந்தை ஆண்ட உலுக் பேக். தைமூரின் பேரரான அவர் எழுப்பிய ஆய்வகத்தில் சுமார் 40 மீட்டர் ஆரமுள்ள மாபெரும் வட்டப்பகுதிக் கருவி அமைக்கப்பட்டது. அங்கு உருவாகி 1437இல் வெளிவந்த அட்டவணையில் 1018 விண்மீன்கள் உள்ளன. சமர்கந்திலிருந்து காண இயலாத தென்வானத்து விண்மீன்கள் 27ஐ அஸ்ஸூஃபியின் நூலிலிருந்து எடுத்ததாக அவரும் வெளிப்படையாகவே கூறினார். 1449இல் தம் மகனின் தூண்டுதலால் கொல்லப்பட்டார். ஆய்வகம் பாழடைந்தது. அட்டவணை மட்டும் பிழைத்து, 1665இல் ஆக்ஸ்போர்டில் அச்சேறியது.

தொலைநோக்கி காட்டியவை

1610ஆம் ஆண்டு கலீலியோ தம் தொலைநோக்கியை இக்கொத்தின் பக்கம் திருப்பினார். வெறுங்கண்ணுக்குத் தெரிந்த ஆறு விண்மீன்களுக்கிடையே நாற்பதுக்கும் மேற்பட்ட மங்கலான விண்மீன்கள் இருந்தன. தாம் வெளியிட்ட படத்தில் மொத்தம் 36ஐக் குறித்தார். ஸுரய்யா என்ற சொல்லின் பொருளான 'மிகுதி' அன்றுதான் முழுமையாக வெளிப்பட்டது எனலாம். 1769இல் பிரெஞ்சு வானியலாளர் மெஸ்ஸியே தம் பட்டியலில் இதனை 45ஆம் எண்ணாகச் சேர்த்தார்.

இவ்வாறு ஒரே இடத்தில் குவிந்து தெரிவது வெறும் தோற்றமா, உண்மையான கூட்டமா என்ற கேள்வியை எழுப்பியவர் ஜான் மிட்செல் என்னும் ஆங்கில அறிஞர். 1767இல் அவர் கணக்கிட்டார்: விண்மீன்கள் வானில் தற்செயலாகச் சிதறியிருந்தால், இவ்வளவு பிரகாசமான ஆறு விண்மீன்கள் இவ்வளவு நெருங்கி அமைய ஏறத்தாழ ஐந்து லட்சத்தில் ஒரு வாய்ப்பே உண்டு. ஆகவே இவை இயற்கையாகவே ஒன்றோடொன்று பிணைந்தவை என்று முடிவு செய்தார். அவர் முடிவு சரியென்பது பின்னர் உறுதியாயிற்று. இக்கொத்தின் விண்மீன்கள் ஒரே திசையில் ஒரே வேகத்தில் விண்ணில் பயணம் செய்கின்றன.

ஒரே வாயு மேகத்திலிருந்து ஏறத்தாழ ஒரே காலத்தில் பிறந்து, தளர்ந்த பிணைப்போடு கூடி நகரும் இத்தகைய கூட்டங்களை 'திறந்த விண்மீன் கொத்து' என்பர். ஸுரய்யாவில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட விண்மீன்கள் உள்ளன. அவற்றின் வயது பத்து முதல் பதின்மூன்று கோடி ஆண்டுகள். நமது சூரியனின் வயது சுமார் 460 கோடி ஆண்டுகள் என்பதை நோக்க, இவை குழந்தைகளே. இன்னும் இருபத்தைந்து கோடி ஆண்டுகள் அளவில் பால்வீதியின் இழுப்பால் இக்கூட்டம் கலைந்து, விண்மீன்கள் தனித்தனியே பிரிந்து போகும் என்று கணித்துள்ளனர்.

நிழற்படங்களில் இவ்விண்மீன்களைச் சுற்றி நீலப் புகைபோல் ஒன்று தெரியும். அது விண்மீன்கள் பிறந்த மேகத்தின் மிச்சம் என்று நெடுங்காலம் கருதப்பட்டது. 1912இல் அமெரிக்க வானியலாளர் ஸ்லைஃபர் அதன் ஒளியைப் பகுத்து, அது தானாக ஒளிரவில்லை என்றும், விண்மீன்களின் ஒளியைத் திருப்பித் தருகின்ற தூசியே என்றும் காட்டினார். அத்தூசி வேறோர் இடத்தைச் சேர்ந்தது. கொத்து அதனூடே கடந்து செல்கையில் ஒளியூட்டுகிறது என்பதே இன்றைய முடிவு.

தூரம் பற்றிய வழக்கு

நம் காலத்தில் ஸுரய்யாவைப் பற்றி ஒரு பெரிய வழக்கு எழுந்தது. அதன் தூரம் எவ்வளவு என்பதே அவ்வழக்கு.

கைவிரலை முகத்துக்கு நேரே நீட்டி, ஒரு கண்ணை மாற்றி மறு கண்ணால் பார்த்தால் விரல் இடம்மாறித் தெரியும். விரல் தொலைவில் இருந்தால் அந்த இடமாற்றம் குறையும். பூமி சூரியனைச் சுற்றி வருகையில் ஆறு மாத இடைவெளியில் விண்மீனை நோக்கினால் இதே போன்ற சிற்றசைவு தெரியும். அதைக்கொண்டு தூரத்தைக் கணிக்கலாம். 1989இல் ஐரோப்பியர் விண்ணுக்கு அனுப்பிய ஹிப்பார்கோஸ் செயற்கைக்கோள் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட விண்மீன்களின் தூரத்தை இம்முறையில் அளந்தது. 1997இல் முடிவுகள் வெளியாயின. ஸுரய்யாவின் தூரம் ஏறத்தாழ 385 ஒளியாண்டுகள் என்றது அது. அதுவரை மற்ற வழிகளில் கணித்திருந்தது சுமார் 430 ஒளியாண்டுகள்.

வேறுபாடு பத்தில் ஒரு பங்குதானே என்று விட்டுவிட முடியவில்லை. ஒரே அளவு வெளிச்சமாகத் தெரியும் இரு விளக்குகளில் அருகில் இருப்பது உண்மையில் மங்கலானது. ஸுரய்யா அவ்வளவு அருகில் இருந்தால், அதன் விண்மீன்கள் அதே நிறமும் தன்மையும் உடைய பிற விண்மீன்களைவிட மங்கலானவை என்று ஆகிவிடும். அப்படியானால் விண்மீன்கள் எவ்வாறு எரிகின்றன என்னும் கொள்கையையே திருத்த வேண்டியிருக்கும். பேரண்டத்தின் தூரங்களை அளக்கும் ஏணியில் இக்கொத்து ஒரு கீழ்ப்படியாதலால், மேற்படிகளும் ஆட்டம் காணும்.

கருவியை நம்புவதா, கொள்கையை நம்புவதா? அறிஞர்கள் ஒருவரையொருவர் இகழ்ந்துவிட்டுப் போகவில்லை, மீண்டும் அளந்தனர். 2004இல் கொத்தின் இரட்டை விண்மீன் ஒன்றின் சுற்றோட்டத்தைக் கொண்டு ஒரு குழு அளந்தது. 2005இல் ஹப்பிள் தொலைநோக்கி கொண்டு மற்றொரு குழு அளந்தது. இரண்டும் பழைய கணக்கின் பக்கமே நின்றன. 2009இல் ஹிப்பார்கோஸ் தரவுகளைத் திருத்திக் கணித்தோர், தங்கள் முடிவு ஏறத்தாழ 390 ஒளியாண்டே என்று உறுதியாகக் கூறினர். 2014இல், ஒன்றுக்கொன்று நெடுந்தொலைவிலுள்ள வானொலித் தொலைநோக்கிகளை இணைத்து அளந்ததில் 444 ஒளியாண்டு என்று கிடைத்தது. இறுதியாக, ஹிப்பார்கோஸின் வழித்தோன்றலாக 2013இல் ஏவப்பட்ட கையா செயற்கைக்கோள் 2016இலும் 2018இலும் வெளியிட்ட அளவுகளும் அதையே உறுதி செய்தன. வழக்கு ஏறத்தாழ இருபது ஆண்டுகளில் தீர்ந்தது.

ஹிப்பார்கோஸ் இங்கு தவறியது ஒரு பாகையின் முப்பத்தாறு லட்சத்தில் ஏறக்குறைய ஒரு பங்கு. 25 மில்லிமீட்டர் அகலமுள்ள ஒரு நாணயத்தை ஐயாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் வைத்துப் பார்த்தால் எவ்வளவு தெரியுமோ அவ்வளவு. அத்துணைச் சிறிய பிழையையும் 'போகட்டும்' என்று விடாததால்தான் உண்மை கிடைத்தது. இன்றிரவு நம் கண்ணில் படும் ஸுரய்யாவின் ஒளி, அக்பர் டில்லியை ஆண்ட காலத்தில் அங்கிருந்து புறப்பட்டது என்று இன்று நாம் துணிந்து கூறலாம்.

கூட்டமாகத் தெரிந்த மற்றொன்று

அஸ்ஸூஃபியின் நூலில் இன்னொரு கொத்தும் பதிவாகியுள்ளது. கருடன் என்னும் விண்மீன் கூட்டத்துக்கு வடக்கே, அம்பு எனப்படும் சிறு கூட்டத்தின் அருகில் மேகம் போன்ற ஒரு மங்கல் தெரிவதாக அவர் எழுதினார். சிறு தொலைநோக்கியில் அது பத்து விண்மீன்கள் கொண்ட, சட்டை மாட்டும் கொக்கி போன்ற அழகிய வடிவம். இன்று பலரும் 'அஸ்ஸூஃபியின் கொத்து' என்றே வழங்குகின்றனர். ஆனால் தூரங்களும் நகர்வுகளும் அளக்கப்பட்டபோது, அது கொத்தே அன்று என்று தெரியவந்தது. அப்பத்து விண்மீன்களும் வெவ்வேறு தூரங்களில் வெவ்வேறு திசைகளில் செல்பவை. நம் பார்வைக் கோட்டில் தற்செயலாக அடுத்தடுத்துத் தெரிகின்றன. ஸுரய்யாவின் தூரத்தைத் தவறவிட்ட அதே ஹிப்பார்கோஸ், இங்கே தூர வேறுபாடு மிகப் பெரிது என்பதால் உண்மையைத் தெளிவாகக் காட்டிவிட்டது.

இதனால் அஸ்ஸூஃபிக்குக் குறைவு ஒன்றுமில்லை. கண்ணுக்கு மேகமாகத் தெரிந்ததை மேகமாகத் தெரிகிறது என்றுதான் அவர் எழுதினார். தாம் காணாததை அவர் சேர்த்துச் சொல்லவில்லை. ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின் வந்தவர்கள் அவர் சொல்லைத் திருத்த நேரவில்லை. அதன்மேல் ஏறி நின்று மேலும் பார்த்தனர்.

மாணவருக்கு நாம் தரும் விடை

பிறை பார்த்த அந்த மாலையில் கேட்கப்பட்ட கேள்விக்கு இப்போது இவ்வாறு விடையளிக்க விரும்புகிறோம்.

ஸுரய்யாவை முஸ்லிம்கள் கண்டுபிடிக்கவில்லை. அது மனிதர் அனைவருக்கும் பொதுவானது. நம் முன்னோர் செய்தது வேறு. மதீனாவின் ஸஹாபி ஒருவர், வாங்குபவர் ஏமாறக் கூடாது என்பதற்காக அது உதிக்கும் வரை பொறுத்திருந்தார். மாலுமிகள் அதன் பெயரால் ஒரு திசையைக் குறித்தனர். பாரசீக அறிஞர் ஒருவர், பிறர் சொன்னதை அப்படியே எழுதாமல் தம் கண்ணால் நோக்கி, தெரிந்ததைத் தெரிந்த அளவில் எழுதினார். சமர்கந்தின் அரசர் அவ்வெண்களை மீண்டும் அளந்தார். அந்தப் பணியைப் பின்னர் இத்தாலியிலும் இங்கிலாந்திலும் பிரான்சிலும் அமெரிக்காவிலும் வேறு மக்கள் ஏற்று நடத்தினர்.

இவ்வளவு பெருமை உண்மையாகவே நமக்கு இருக்க, இல்லாத பெருமையை ஏன் நாடுகிறோம்? கைப்பேசியில் வரும் செய்தியை ஆராயாமல் முன்னனுப்புவதும், பழைய நூலைக் கண்மூடிப் பிரதி எடுப்பதும் ஒன்றே. இன்று நம்மிடம் 'ஆம்' என்ற விடை பெற்றுச் செல்லும் மாணவர், நாளை கல்லூரியில் அது பொய்யென்று அறிந்தால், நாம் சொன்ன மெய்களையும் சேர்த்தே ஐயுறுவார். மரத்தில் முதிராத காயை விற்றவன் கதையே நம் கதையும் ஆகும்.

ஆகவே வரும் குளிர்காலத்தில் ஒரு நாள், இஷாவுக்குப் பின் நம் பள்ளி மாடியின் விளக்குகளைச் சற்று அணைத்துவிட்டு, சிறுவர்களை அழைத்து ஸுரய்யாவை எண்ணச் சொல்வோம். ஆறு என்பவர் ஆறு என்று எழுதட்டும். ஏழு என்பவர் ஏழு என்று எழுதட்டும். ஒருவர் பார்த்து மற்றவர் எழுத வேண்டாம். நம் முன்னோர் விட்டுச் சென்ற கல்வியின் முதல் பாடம் அதுவே.

அறிந்ததை உள்ளபடி சொல்லவும், அறியாததை அறியோம் என்று ஒப்புக்கொள்ளவும் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் நல்லருள் புரிவானாக! ஆமீன்.